மூன்று வேளையும் சாப்பிடுகிறோம் என்று அம்மா சொன்ன நாள்

2023 மார்ச் மாதத்தில் ஒரு பிற்பகல், நான் படிப்பிக்கும் முன்பள்ளியில் இருந்த நேரத்தில், இலங்கை அரசாங்கத்தின் புதிய நலன்புரித் திட்டமான அஸ்வெசுமவின் கணக்கெடுப்புக்காக ஓர் இளம் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து போனார். வீட்டில் அம்மாவும், எழுந்து நடக்க முடியாத என் கணவரும் மட்டுமே இருந்தார்கள். வந்தவர் இருபது நிமிடம் இருந்திருப்பார். அந்த இருபது நிமிடத்தில் அம்மா சொன்ன நான்கைந்து பதில்களைத் திருத்தி எடுக்க எனக்குப் பதினொரு மாதங்கள் சென்றன. 56,250 ரூபாய் கையை விட்டுப் போனது. அம்மா எனக்குப் போட்டுவிட்ட ஒன்றரைப் பவுண் சங்கிலியும் போனது. நாள்வாரியாக ஒரு கொப்பியில் எழுதி வைத்திருப்பதால்தான் இந்தக் கணக்கை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிகிறது. அந்தப் பழக்கமும் எனக்குப் பாதி வழியில்தான் வந்தது. இப்போதும் எங்கள் ஊரில் மேன்முறையீடு என்ற சொல்லைக் கேட்டாலே பயந்து ஒதுங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது படுவான்கரையில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், சூரியன் மறையும் பக்கத்தில். வங்கி, பெரிய கடை, கொமியுனிகேஷன் (அச்சு, இணைய வேலைகள் செய்து தரும் கடை) எதுவானாலும் எங்களுக்கு வாவிக்கு அப்பால் எழுவான்கரையில்தான். பாதையில் ஏறிக் கடந்து, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். (பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைப் படகை, வெளியூரார் இதைக் கேட்டுக் குழம்புவதுண்டு.) வீடு என் பெயரில் இருக்கிறது, ஏனென்றால் எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும். என் கணவர் மேசன் வேலை செய்தவர். 2021 நவம்பரில் ஒரு மாடிக் கட்டடத்தின் சாரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டில் அடிபட்டது. நாட்கூலிக்காரர் என்பதால் ஊழியர் சேமலாப நிதியும் இல்லை, நட்டஈடும் இல்லை. வேலை கொடுத்தவர் இரண்டு முறை வைத்தியசாலைக்கு வந்து பார்த்தார், பிறகு வரவில்லை. எனக்கு முன்பள்ளியில் பெற்றோர் தரும் கட்டணத்தையும் சேர்த்து மாதம் 9,000 ரூபாய் அளவில் கிடைத்தது. இரண்டு பிள்ளைகள், மூத்தவள் அப்போது பதினோராம் வகுப்பு.

அவர் விழுந்து ஐந்து மாதங்களில் நாடும் விழுந்தது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தபோது, அதற்கும் எங்கள் குசினிக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. செப்டெம்பரில் விளங்கியது. அந்த மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருட்களுக்கு மட்டும் பார்த்தால் 94.9 சதவீதம். அதாவது, ஒரு வருடத்துக்கு முன்னர் 1,000 ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான்களுக்கு ஏறக்குறைய 1,950 ரூபாய். மண்ணெண்ணெய் ஓகஸ்டில் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. மின்கட்டணம் அதே ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், ஆறு மாதம் கழித்து மீண்டும் 66 சதவீதமும் ஏற்றப்பட்டது. அம்மாவின் பெயரில் அனுமதிப்பத்திரத்தோடு இரண்டு ஏக்கர் வயல் உண்டு. 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தபின் வந்த பெரும்போகத்தில் பயிர் மஞ்சளாகி, வெட்டுக்கூலிக்கும் கட்டாத விளைச்சலாகப் போனது. நவம்பரில் தடையை நீக்கினார்கள் என்றாலும், பயிருக்கு உரம் வேண்டிய நாள் அதற்குள் கடந்துவிட்டது. அடுத்த போகத்துக்கு உரம் வாங்கும் வசதி எங்களிடம் இல்லாததால் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டோம். இந்தக் குத்தகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

2022 செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் புதிய நலன்புரித் திட்டத்துக்கு விண்ணப்பம் கோரினார்கள். 1995 முதல் இருந்த சமுர்த்திக்குப் பதிலாக வருவது என்றும், 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் நடப்பது என்றும் சொன்னார்கள். சமுர்த்தியில் எங்களுக்குப் பெயர் இருக்கவில்லை, அவர் உழைத்த காலத்தில் தேவைப்படவும் இல்லை. இந்த முறை விண்ணப்பித்தேன். இலங்கை முழுவதும் ஏறத்தாழ 37 இலட்சம் விண்ணப்பங்கள் போயின. இடம் இருந்தது 20 இலட்சம் குடும்பங்களுக்கு. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 சுட்டிகளைக் கொண்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் புள்ளியிட்டு, நான்கு வகையாகப் பிரிப்பது என்பதே முறை. நிலைமாறும் குடும்பங்களுக்கு மாதம் 2,500, பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு 5,000, வறியவர்களுக்கு 8,500, மிக வறியவர்களுக்கு 15,000 ரூபாய். இந்த விபரங்களை நான் தெரிந்துகொண்டது பெயர்ப்பட்டியல் வெளியான பிறகு. விண்ணப்பித்த நாளிலேயே தெரிந்திருந்தால், கணக்கெடுப்பு என்பது ஒரு சடங்கல்ல, அதுதான் பரீட்சை என்பது விளங்கியிருக்கும். உங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டால், வேலைக்குப் போகாமல் ஒரு நாள் கூலியை விட்டாவது வீட்டு நிலைமை முழுவதும் தெரிந்த ஒருவர் வீட்டில் இருங்கள். நான் செய்த பிழைகளில் இதுவே பெரியது.

அன்று மாலை நான் வந்தபோது, விருந்தாளிகளுக்கென்று அலுமாரியில் வைத்திருந்த இரண்டு பீங்கான் கோப்பைகள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. அம்மா சந்தோசமாக இருந்தார். “ஒரு புள்ள வந்திச்சி, நல்ல அடக்கமான புள்ள. தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன்,” என்றார். என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். மூன்று நேரமும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதாம், ஓம் என்றாராம். வயல் இருக்கிறதா என்று கேட்டதாம், ரெண்டு ஏக்கர் என்றாராம். மோட்டார் சைக்கிள் யாருடையது என்று கேட்டதாம், மருமகனுடையது என்றாராம். கறன்ட் பில்லைக் கேட்டதாம், எடுத்துக் காட்டினாராம். நோயாளி இருக்கிறாரா என்றதற்கு, “இப்ப கொஞ்சம் சுகம்” என்றாராம். ஏன் அம்மா இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “வீட்டுக்கு வந்த மனிசரிட்ட சாப்பாடில்ல எண்டா சொல்லுற, புள்ள?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இரவு நேரங்களில் அவர் தனக்குப் பசியில்லை என்று சொல்லித் தன் பங்கைப் பிள்ளைகளுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஆனால் அதை ஒரு குறை என்று அவர் எந்தக் காலத்திலும் நினைத்ததில்லை. எழுபது வயதுக்கு மேற்பட்ட, இரண்டு இடம்பெயர்வுகளையும் ஒரு சூறாவளியையும் கண்ட ஒரு மனுசியிடம், உன் வறுமையை அந்நியருக்கு நிரூபித்துக் காட்டு என்று கேட்டால் அவர் தேத்தண்ணிதான் ஊற்றுவார்.

அம்மா பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிலும் உண்மை, ஆனால் பாதி உண்மை. வயல் இருந்தது, விளைச்சல் குத்தகைக்காரருடையது. மோட்டார் சைக்கிள் இருந்தது, எஞ்சின் பழுதாகி, கடைசியாக லைசன்ஸ் எடுத்தது 2020 இல். மின்சார அலகுகள் கூடித்தான் இருந்தன. அதற்கு இரண்டு காரணங்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு முதுகில் புண் வராமலிருக்க இரவு முழுவதும் மின்விசிறி சுழல வேண்டும். மற்றது, எங்கள் பகுதியில் அறுவடைக் காலங்களில் யானை ஊருக்குள் வரும் என்பதால் வளவின் இரண்டு மூலையிலும் விடிய விடிய விளக்கு எரியவிடுவோம். யானைக்குப் பயந்து எரியும் விளக்கைக் கொழும்பிலிருந்து பார்த்தால் வசதியான வீடு போலத் தெரிந்திருக்கும். ஆகவே கணக்கெடுக்க வருபவரிடம், இருக்கிறதா இல்லையா என்பதற்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள். யார் பயன்படுத்துகிறார்கள், எவ்வளவு வருகிறது, ஏன் செலவாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிவில், என்ன பதிந்தீர்கள் என்று ஒருமுறை வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். வந்தவரின் பெயரையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இளம் பெண்ணில் எனக்குக் கோபமில்லை. ஒரு நாளில் இத்தனை வீடு என்று அவரையும் யாரோ விரட்டியிருப்பார்கள்.

ஜூன் மாதம் பட்டியல் வெளியானது. நான்கு வகையில் எதிலும் எங்கள் பெயர் இல்லை. பட்டியல் ஒட்டியிருந்த சுவருக்கு முன்னால் நான் மூன்று முறை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்தேன், பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் பெயர் இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மேன்முறையீடு ஒன்று, ஆட்சேபனை மற்றொன்று. முன்னையது எனக்குக் கிடைக்கவில்லை என்று சொல்வது, பின்னையது அவருக்கு ஏன் கிடைத்தது என்று கேட்பது. இரண்டுக்கும் ஜூலை 10 வரை காலம் தந்திருந்தார்கள். ஊரில் பலர் இரண்டாவதில்தான் முதலில் இறங்கினார்கள், சிலர் இன்றும் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. நான் அந்தக் கடைக்காரருக்கு எதிராக ஒரு வரி எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் சிறுநீரக நோயாளி இருக்கிறார் என்று. அடுத்தவர் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஆட்சேபனையில் செலவிடும் நாளை உங்கள் சொந்த மேன்முறையீட்டில் செலவிடுங்கள்.

ஆனால் மேன்முறையீட்டையும் நான் உடனே செய்யவில்லை. முதலில் வெட்கம். டீச்சர் என்று கூப்பிடுகிற ஊரில், உதவிப் பணத்துக்கு வரிசையில் நிற்பதா என்று இருந்தது. இரண்டாவது, ஒரு வதந்தி. முறையிட்டால் பெயர் கறுப்புப் பட்டியலுக்குப் போகும், பிள்ளைக்கு அரசாங்க வேலை கிடைக்காது என்று ஒரு அக்கா சொன்னார். அவருக்கு யாரோ சொன்னது. மூன்று கிழமைகளை இப்படிக் கரைத்தேன். கடைசியில் ஜூலை 8 ஆம் திகதி வாவியைக் கடந்து ஒரு கொமியுனிகேஷனுக்குப் போனேன். அங்கே நாற்பது பேருக்கு மேல். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பித் தர 500 ரூபாய் வாங்கினார்கள். எல்லாருக்கும் ஒரே வசனத்தை ஒட்டினார்கள்: “எமது குடும்பம் மிகவும் வறுமையில் வாழ்கின்றது, தயவுசெய்து கவனத்தில் எடுக்கவும்.” எனக்கும் அதையே ஒட்டி, அச்சிட்டுத் தந்தார்கள். பாதையில் திரும்பி வரும்போது அந்தத் தாளை வாசித்தேன். இதே வரியோடு எத்தனை ஆயிரம் பேர் போயிருப்பார்கள், வாசிக்கிறவர் எதை வைத்து என்னை வேறாகப் பார்ப்பார் என்று தோன்றியது.

அடுத்த நாளே கையால் ஒரு கடிதம் எழுதினேன். கெஞ்சுவதை விட்டுவிட்டு, கணக்கெடுப்பில் பதியப்பட்டிருக்கக்கூடிய ஒவ்வொரு விடயத்துக்கும் ஒரு பந்தியும் ஓர் ஆதாரமும் வைத்தேன். வயலுக்குக் குத்தகை ஒப்பந்தத்தின் பிரதியும், கமநல சேவை நிலையத்தில் யார் பெயரில் பயிர்ச்செய்கை பதிவாகியுள்ளது என்ற உறுதிப்படுத்தலும். மோட்டார் சைக்கிளுக்குக் காலாவதியான லைசன்ஸ். கணவருக்கு வைத்தியசாலை வெளியேற்ற அட்டையும் கிளினிக் கொப்பியும். மின்சாரத்துக்குப் பழைய பில்கள் பன்னிரண்டையும் வரிசையாக வைத்து, அவர் விழுந்த மாதத்திலிருந்து அலகு கூடியதைச் சிவப்புப் பேனாவால் சுற்றிக் காட்டினேன். ஜூலை 10 அன்று பிரதேச செயலகத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரதியில் திகதி முத்திரை வைத்துத் தருமாறு கேட்டதற்கு, மேசையில் இருந்தவர் தேவையில்லை என்றார். நான் நகரவில்லை. முத்திரை வைத்தார். முறைப்பாடு எதுவானாலும் ஒப்படைத்த நாளின் முத்திரை இல்லாத பிரதியோடு வீடு திரும்பாதீர்கள். செப்டெம்பரில் எங்கள் கடிதம் காணவில்லை என்று ஒருவர் சொன்னபோது, என்னைக் காப்பாற்றியது அந்த ஊதா நிற வட்டம்தான்.

காத்திருந்த மாதங்களைப் பற்றி நீட்டி எழுத மனமில்லை. சங்கிலியை அந்த மார்ச் மாதமே 120,000 ரூபாய்க்கு அடகு வைத்திருந்தேன், கணவரின் சிகிச்சைக்கும் மகளின் வகுப்புக்கும். மாதம் 3 சதவீத வட்டி, அதாவது 3,600 ரூபாய். பட்டியலில் பெயர் வந்துவிடும், இரண்டு மூன்று மாதத்தில் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கையில் தனியார் கடையில் வைத்தது என் அடுத்த பிழை. அரச வங்கியில் வைக்க அரை நாள் வரிசையில் நிற்க வேண்டியிருந்திருக்கும், அதற்குச் சோம்பினேன். வரப்போகும் உதவிப் பணத்தை நம்பி அதன் மேல் கடன் எழுப்பக்கூடாது என்பது, பதினொரு மாதம் வட்டி கட்டி 39,600 ரூபாய் போன பிறகு நன்றாகத் தெரிகிறது. 2024 பெப்ரவரியில் சங்கிலியை மீட்டு, மீட்ட அன்றே விற்றோம். கடைக்காரர் அதைத் தராசில் வைத்தபோது அம்மா வெளியே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேன்முறையீட்டை விசாரிக்க 2023 ஒக்டோபரில் இரண்டு உத்தியோகத்தர்கள் வந்தார்கள். இந்த முறை வருகிற நாளை முன்கூட்டியே கேட்டு அறிந்து வீட்டில் இருந்தேன். கோவையை மேசையில் திறந்து வைத்தேன். அவர்களில் மூத்தவர், “மோட்டார் சைக்கிளைப் பார்க்கலாமா, டீச்சர்?” என்றார். மாட்டுக் கொட்டிலுக்குக் கூட்டிப் போனேன். பின்பக்கப் பெட்டியில் கோழி ஒன்று அடை கிடந்தது. அவர் குனிந்து பார்த்தபோது அது அவருடைய கையைக் கொத்தியது. அவர் சிரித்துவிட்டு எதையோ எழுதினார். நாங்கள் உள்ளே வந்தபோது அம்மா அதே இரண்டு கோப்பைகளில் தேத்தண்ணியோடு நின்றார். மூன்று வேளை உணவு பற்றிய கேள்வி மீண்டும் வந்தது. நான் அம்மாவைப் பார்க்காமல், இரவில் ஒருவருக்குக் குறையும் என்றேன். யாருக்கு என்று அவர் கேட்டார். அம்மா கோப்பைகளை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார். அன்று இரவு அவர் என்னோடு பேசவில்லை.

டிசெம்பரில் நாங்கள் வறிய குடும்பம் என்ற வகையில் தெரிவாகியிருப்பதாகக் கடிதம் வந்தது, மாதம் 8,500. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன், ஆனால் கணக்குத் திறக்கப் போனபோது வங்கியில் நின்றுபோனது. நான் விண்ணப்பித்தபோது கொடுத்தது பழைய அடையாள அட்டையின் ஒன்பது இலக்கமும் கடைசி ஆங்கில எழுத்தும். இடையில் அட்டை பழுதாகிப் புதியது எடுத்ததால் இப்போது பன்னிரண்டு இலக்கம். அதோடு, அப்பாவின் பெயரை ஆங்கிலத்தில் எழுதியதில் ஓரிடத்தில் ‘எச்’ எழுத்து உண்டு, மற்ற இடத்தில் இல்லை. இந்த ஓர் எழுத்துக்காக வங்கி, செயலகம், கிராம உத்தியோகத்தர் என்று ஐந்து நடை. வங்கியில் அங்கே திருத்தி வா என்றார்கள், அங்கே போனால் வங்கிதான் திருத்த வேண்டும் என்றார்கள். இரு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று கிராம உத்தியோகத்தர் தந்த உறுதிப்படுத்தல் கடிதத்தில் முடிந்தது. விண்ணப்பிக்கும் முன்பே அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் மூன்றையும் ஒரே மேசையில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் அந்தக் கடிதத்தை முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், பணம் வரும் நேரத்தில் ஓடாதீர்கள். தொலைபேசியில் 1924 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தமிழிலும் கேட்கலாம். எனக்கு நான்காவது நாள்தான் இணைப்புக் கிடைத்தது, ஆனால் கிடைத்தபின் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள்.

2024 பெப்ரவரியில் முதல் பணம் விழுந்தது. கொப்பியைக் கூட்டிப் பார்த்தேன். பதின்மூன்று பயணங்களுக்குப் பாதை, பஸ், ஓட்டோ எல்லாம் சேர்த்து 7,800. நான் போகிற நாட்களில் முன்பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு நாளுக்கு 500 வீதம் 6,500. அச்சு, போட்டோக் கொப்பி, படிவம் நிரப்புதல் 2,350. வட்டி 39,600. ஏறக்குறைய ஆறரை மாதக் கொடுப்பனவு, கிடைக்கும் முன்னரே செலவாகியிருந்தது.

அதற்கு முந்தைய மாதம், 2024 ஜனவரியில்தான் பெறுமதிசேர் வரி 18 சதவீதமானது. 2022 மே மாதத்தில் 8 சதவீதமாக இருந்தது, ஜூனில் 12, செப்டெம்பரில் 15, பிறகு 18. சமையல் எரிவாயுவும் எரிபொருளும் கூட அந்த வலைக்குள் வந்தன. எனக்குப் பொருளியல் தெரியாது. சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச் 20 அன்று ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் உதவிக்கு ஒப்புதல் தந்ததும், வருமானத்தைக் கூட்டி வறியவர்களுக்கு மட்டும் குறிபார்த்துக் கொடுப்பது என்பது அந்த ஏற்பாட்டின் போக்கு என்பதும் செய்தியில் கேட்டது. கஜானா காலியான அரசாங்கம் எல்லாருக்கும் கொடுக்க முடியாது என்பதையும், சமுர்த்தியில் அரசியல் செல்வாக்கால் பெயர் பெற்றவர்கள் இருந்ததையும் நான் மறுக்கவில்லை. ஆனால் சவர்க்காரக் கட்டியில் வரியை எடுப்பதற்கு என்னிடம் யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை, பெயரின் எழுத்தைச் சரிபார்க்கவில்லை. திருப்பித் தரும்போது மட்டும் 22 சுட்டிகள். வறுமை 2022 இல் நாட்டில் நான்கில் ஒருவர் என்ற அளவுக்கு ஏறியதாக உலக வங்கி மதிப்பிட்டது. அப்படி ஏறியவர்களில் பெரும்பகுதியினர் எங்களைப் போலப் புதிதாக விழுந்தவர்கள். வீடும் வயலும் பழைய மோட்டார் சைக்கிளும் நல்ல நாட்களிலிருந்து மிஞ்சியிருப்பவர்கள். சொத்தைப் பார்த்து அளக்கும் கோலுக்கு, நேற்று விழுந்தவன் இன்னும் நிற்பவனாகவே தெரிகிறான். இதை அளவுகோல் செய்பவர்கள் சரிசெய்யும் வரை, மேன்முறையீட்டுக் கடிதத்தில் நாம்தான் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

2025 ஜனவரியிலிருந்து எங்கள் வகைக்கு 8,500 என்பது 10,000 ஆகவும், மிக வறியவர்களுக்கு 17,500 ஆகவும் கூட்டப்பட்டது. அதில் மின்கட்டணமும் மாவும் போய்விடும். குறை சொல்லவில்லை, அது இல்லாத மாதங்களை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குத் தெரியாமலே போயிருந்த இன்னொன்று, எழுபது வயதைக் கடந்த அம்மாவுக்கு முதியோர் கொடுப்பனவும், கணவருக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவும் தனித்தனியே கோரலாம் என்பது. இவ்வளவு மேசைகளுக்கு முன்னால் நின்றும் அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பாதையில் பக்கத்தில் நின்ற, கணவரை இழந்த ஒரு பெண்தான் சொன்னார். மாற்றுத்திறனாளிகளுக்கானதைச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேட்க வேண்டும், அரச வைத்தியரின் சான்றும் தேவை. அம்மாவின் படிவத்தை நான் நிரப்பிக்கொண்டிருந்தபோது, வருமானம் என்ற இடத்தில் என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். இல்லை என்று எழுதுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “மறுகா ஆரும் வந்து பார்ப்பாங்களா?” என்று கேட்டு, அலுமாரியைத் திறந்து அந்தக் கோப்பைகளை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.